மலைமடத்துக் கல்யாணச் சமையல்

"அம்மை, அடுக்களையை விட்டு ஓடி வந்தவன் நான். என்னையத் திரும்பவும் அடுக்களையிலயே தள்ளுதியளே!"

மாதேவன் பிள்ளை தோளில் பையோடு மடத்து முற்றத்தில் நின்று இப்படிக் கேட்டார்.

வடிவம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அடுப்பு அணைஞ்சிருக்கும். போய் ஊதுங்க, அண்ணாச்சி."

நாஞ்சில் நாட்டில் கல்யாணச் சமையல்காரரைத் தவசுப்பிள்ளை என்பார்கள். மாதேவன் பிள்ளை பேர்போன தவசுப்பிள்ளை. ஆயிரம் இலை விழுந்தாலும் அவர் சாம்பார் தண்ணியாகாது, பாயசம் அடிபிடிக்காது. அறுபதைத் தாண்டிய பிறகு ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மலையேறிவிட்டார்.

வடிவம்மை அவரைவிட ரொம்ப இளையவள். மலைச்சரிவில் அவளுடைய சின்ன மடம். மேலே முருகன் கோவில். கீழே ஓடை, ஓடைக்கு அக்கரையில் ஊர். மலைக்குப் போகிறவர்களுக்கு மடத்தில் ஒரு வேளை சோறு உண்டு. அம்மை சொல்லும் ஒரு வார்த்தையில் மனசு அடங்கிவிடும் என்று ஊரில் பேச்சு. அதைக் கேட்டுத்தான் அவர் வந்தார்.

அம்மை அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கீரையைக் கொடுத்தாள்.

அவர் போய் அடுப்பை ஊதினார்.

"இன்னைக்கு எத்தனை இலை, அம்மை?"

சமையற்கட்டில் கால் வைத்ததும் அவர் வாயில் தானாக வருகிற கேள்வி அது.

அம்மை கூடத்தைக் காட்டினாள். "பாத்துட்டு வாங்க."

எட்டிப் பார்த்தார். பல்லில்லாத கிழவர் ஒருவர். கைக்குழந்தைக்காரி ஒருத்தி. விறகு சுமந்து வந்த இரண்டு பேர், வியர்வை காயவில்லை.

அன்றைக்குச் சோற்றில் கொஞ்சத்தைத் தனியாகக் குழைய வடித்தார். கைக்குழந்தைக்காரிக்குப் பூண்டு தட்டிப் போட்டார். விறகுக்காரர்களுக்கு முதலில் மோரில் உப்பைப் போட்டுக் கொடுத்தார்.

எத்தனை இலை என்று அப்புறம் எண்ணவில்லை. எண்ண வேண்டியிருக்கவும் இல்லை.

ஆனாலும் பழைய கை பழைய கைதான். வாழைக்காயைத் தடியாகத் தோல் சீவினார். பூசணிக்காயின் தோலும் குடலும் விதையும் ஒரு முறத்தில் குவிந்தன. வடித்த கஞ்சி ஒரு பக்கம். எல்லாவற்றையும் தொழுவத்துக்குக் கொண்டுபோகத் தூக்கினார்.

அம்மை முறத்தைக் கையிலிருந்து வாங்கினாள்.

வாழைக்காய்த் தோலைப் பொடிப்பொடியாக நறுக்கி, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தேங்காயோடு தாளித்தாள். பூசணித் தோலைப் புளி மிளகாய் வைத்துத் துவையல் அரைத்தாள். விதைகளைக் கழுவிப் பாறையில் பரப்பினாள். கஞ்சியில் மோர் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

அவர் சாப்பிட்டார். இரண்டாம் தடவை துவையல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு கொஞ்சம் கோபத்தோடு கேட்டார்.

"அப்ப மாட்டுக்கு என்ன வைக்க?"

"மலை முழுக்கப் புல்லு கிடக்கு. அதுக்குத் தெரியும்."

ஆவணி வெயில் அடித்தது.

மடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை. வெயில் ஏறியதும் மடத்தில் இருப்பவர்கள் எல்லாரும் அங்கேதான். படிக்கிறவர் ஏட்டை மூடிவிட்டு வரவேண்டும். கண்மூடி உட்கார்ந்திருப்பவர் கண்ணைத் திறந்துவிட்டு வரவேண்டும். மோரில் ஊறிய சுண்டைக்காய், உப்பு மிளகாய், அரிசிக்கூழ் வடகம், விதை எடுத்த புளி. பாறையில் கால் வைக்க இடமிருக்காது.

மாதேவன் பிள்ளை வடகம் பிழிந்துகொண்டே கேட்டார்.

"அம்மை, ஒரு சந்தேகம். பற்றை விடணும்னு பெரியவங்க சொல்லுதாங்க. நாளைக்கு வேணும், மழைக்கு வேணும்னு இப்படிச் சேத்து வைக்கது பற்று இல்லையா?"

அம்மை மேற்கே பார்த்தாள்.

"மேகம் வருது. அந்தப் பக்கத்துத் துணியைப் பிடிங்க."

பிடித்தார். இருவரும் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். கேள்வி பாறையிலேயே கிடந்து நனைந்தது.

இன்னொரு நாள் அதே பாறை. நார்த்தங்காயைச் சுருள்சுருளாக அரிந்து உப்புப் போட்டுக் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். மாதேவன் பிள்ளை தானாகவே ஆரம்பித்தார்.

"என் வீட்டுக்காரியும் இப்படித்தான். வெயிலைக் கண்டா அவளுக்கு இருப்புக் கொள்ளாது. நான் ஊர் ஊராப் போய் விருந்து ஆக்கிட்டு, நெய் மணக்க வீட்டுக்கு வருவேன். இவ மொட்டை மாடியில சுண்டைக்காயைக் கிளறிட்டு நிப்பா. கேலி பண்ணுவேன். தவசுப்பிள்ளை பொண்டாட்டிக்கு வத்தக்குழம்பு என்னத்துக்குட்டின்னு."

"அவங்க என்ன சொல்லுவாங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டா. சிரிப்பா."

அம்மை ஒரு சுருளைத் திருப்பிப் போட்டாள்.

"போன வருசம் போயிட்டா. காரியம் எல்லாம் முடிஞ்சு வீடு காலியாச்சு. அடுக்களையில போய் நின்னேன், அம்மை. வரிசையா ஜாடி. ஒவ்வொண்ணையும் துணி கட்டி வச்சிருந்தா. எனக்கு ஒருத்தனுக்கு ஆக்கத் தெரியாது. குறைச்சலா ஆக்கின கையே இல்ல. அதனால சோத்தை மட்டும் பொங்கிட்டு அவ ஜாடியில ஒண்ணைத் திறப்பேன். அப்படியே ஓடிச்சு. மாசக்கணக்கா. இருந்தவரைக்கும் அவதான் சோறு போட்டா. போன பிறகும் அவதான் போட்டா."

அவர் கையிலிருந்த சுருளைக் கீழே வைத்தார்.

"கடைசி ஜாடி காலியான அன்னைக்குத்தான் பையை எடுத்துட்டு இங்க வந்தேன்."

அம்மை நிமிர்ந்து பார்த்தாள்.

"கடைசி ஜாடியில என்ன இருந்தது?"

"நார்த்தங்காய்."

"நல்லா இருந்ததா?"

மாதேவன் பிள்ளை மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"நல்லா இருந்தது, அம்மை. ரொம்ப நல்லா இருந்தது."

"சரி. கிளறி விடுங்க. அடியில ஈரம் இருக்கு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளறிவிட்டார்.

அதற்குப் பிறகு அவரே எல்லாருக்கும் முந்திப் பாறைக்குப் போக ஆரம்பித்தார்.

பலாக்கொட்டைகளைச் செம்மண் பூசிப் பானையில் அடுக்கினார். கருப்பட்டியை அடுப்புக்கு மேலே புகை படுகிற பரணில் வைத்தார். காணத்தைப் புடைத்து, வேப்பிலை போட்டு மூட்டை கட்டினார். கொள்ளு என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வதை அங்கே காணம் என்பார்கள். நொய்யரிசியைத் தனியாகச் சலித்து வைத்தார். முற்றிய பூசணிகளை உறியில் தொங்கவிட்டார்.

சரக்கறை நிறைந்தது. அவர் மனசும் நிறைந்தது. ஒரு நாளைக்குப் பல தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

பிறகு, அப்படிப் பார்ப்பதற்காகவே போக ஆரம்பித்தார்.

ஒருநாள் மலையிறங்கி வந்த ஒரு வயதான தம்பதிக்கு ரசஞ்சோறு போட்டார். அந்தப் பெரியவர் தொட்டுக்கொள்ள ஒரு மாங்காய்த் துண்டு கேட்டார்.

"இல்லையே" என்றார் மாதேவன் பிள்ளை.

அவர்கள் போன பிறகு அம்மை கேட்டாள். "மாங்காய் ஜாடி உடைஞ்சு போச்சா?"

"இருக்கு, அம்மை. மழைக்கு வேணும்லா?"

"மழை மாங்காய் தின்னுமா?"

மாதேவன் பிள்ளை சரக்கறைக்குப் போனார். ஒரு துண்டு மாங்காயை இலையில் மடித்துக்கொண்டு ஓடைவரை ஓடினார். தம்பதி அக்கரை போயிருந்தார்கள். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

திரும்பி வரும்போது முழங்கால்வரை நனைந்திருந்தது. முகம் மட்டும் வெயில் பட்ட மாதிரி இருந்தது.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்தது.

ஒரு மதியம் மடத்து வாசல் முழுக்க ஆட்கள். பட்டுப்புடவைகள், நனைந்த பூச்சரங்கள், தலைக்கு மேல் பாய் பிடித்த ஆண்கள். கல்யாணக் கூட்டம். மறுநாள் காலையில் மேலே முருகன் கோவிலில் முகூர்த்தம்.

பெண்ணின் அப்பா அணஞ்சபெருமாள் கைகூப்பியபடி உள்ளே வந்தார். நனைந்த வேட்டி காலோடு ஒட்டியிருந்தது.

"அம்மை, நாங்க ஓடையைத் தாண்டிட்டோம். பின்னால சாமான் வண்டி வந்தது. சமையல்காரங்களும் அதுலதான். அதுக்குள்ள வெள்ளம் வந்துட்டு. வண்டி அக்கரையிலயே நிக்கி. அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் அங்கதான். தாலி என் மடியில இருக்கு. நாளைக்குத் தாலி கட்டு நடந்திரும். ஆனா பந்தி…"

மடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அம்மை மாதேவன் பிள்ளையைப் பார்த்தாள்.

மாதேவன் பிள்ளைக்குள் பழைய தவசுப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தான்.

"கல்யாணப் பந்தியா? நம்மால ஆகாது, அம்மை. துவரம்பருப்பு இல்ல. நெய் இல்ல. முந்திரி இல்ல. அப்பளம் இல்ல. பச்சரிசி கூட இல்ல, வெறும் புழுங்கல்தான். சும்மா ஒப்பேத்தினா நாளைக்கு ஊர் சிரிக்கும். பொண்ணுக்குத்தான் கெட்ட பேரு."

அம்மை திரும்பினாள். தூணோரம் நின்ற கல்யாணப் பெண்ணைக் கூப்பிட்டாள். செண்பகம் என்று பெயர். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"மக்கா, எப்ப சாப்பிட்ட?"

செண்பகம் அப்பாவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "நேத்து ராத்திரி, அம்மை. காலையில அவசரத்துல மறந்துட்டு."

அம்மை எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மாதேவன் பிள்ளை முன்னால் செண்பகம் நின்றாள்.

அவர் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தார். பிறகு அடுக்களைக்குள் போய்ச் சின்னப் பானை ஒன்றை எடுத்தார். நொய்யரிசி ஒரு பிடி. வறுத்த காணம் கொஞ்சம். சுக்கு ஒரு துண்டு. அடுப்பில் வைத்துக் கிண்டினார். கொதித்ததும் இரண்டு கரண்டி தேங்காய்ப்பால். உப்பு. சுட்ட வற்றல் நாலு ஓரத்தில்.

செண்பகம் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து குடித்தாள். நடுக்கம் நின்றது. பானை காலியானது. மிச்சமும் இல்லை, குறையும் இல்லை.

"மாமா, நாளைக்கும் இதையே போட்டாக்கூட எனக்குச் சந்தோசந்தான்" என்றாள்.

அவர் காலிப் பானைக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரே ஒரு ஆளுக்கு அளவாக ஆக்கியிருக்கிறார், வாழ்க்கையில் முதல் தடவையாக.

வேட்டியை மடித்துக் கட்டினார். சரக்கறைக் கதவை அகலத் திறந்தார்.

மறுநாள் விடியும் முன்பே மடம் முழுக்க அடுப்புகள் எரிந்தன.

மாப்பிள்ளையின் தாய்மாமன் தாணுமாலயன் குடை பிடித்தபடி வந்து எட்டிப் பார்த்தார். கொஞ்சம் சத்தமான மனிதர். உருளியில் வெந்துகொண்டிருந்த காணத்தைக் கண்டதும் சத்தம் இன்னும் கூடியது.

"என்ன ஓய் இது? கல்யாணப் பந்தியில காணமா? எங்க வீட்டுல வண்டிமாட்டுக்கு வைக்கது!"

புளி கரைத்துக்கொண்டிருந்த அணஞ்சபெருமாளின் கை நின்றுவிட்டது. முகம் செத்துப்போனது.

மாதேவன் பிள்ளை கரண்டியோடு திரும்பினார். நாக்கு நுனியில் நல்ல சூடான பதில் ஒன்று இருந்தது.

அதற்குள் அம்மை குறுக்கே வந்தாள். துருவியைத் தாணுமாலயன் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு குவியல் தேங்காய்.

"அண்ணாச்சி, கை பத்தல. துருவித் தாங்க."

"நானா?"

"நீங்கதான் மாப்பிள்ளைக்கு மாமா."

அவர் சுற்றிலும் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாழைப்பூவில் நரம்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா பட்டு வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார். தாணுமாலயன் குடையை மடக்கினார். உட்கார்ந்தார். முதல் மூடி கோணலாகப் போனது. மூன்றாவது மூடியில் கை பழகிவிட்டது.

"வெள்ளை மட்டும் விழட்டும். ஓட்டைத் தொடாதேயும்" என்றார் மாதேவன் பிள்ளை.

"எனக்குத் தெரியும், ஓய்."

காணத்தை வறுத்து, உடைத்து, தோல் நீக்கி வேகவைத்துத் தேங்காயும் சீரகமும் அரைத்து விட்டார். அது பருப்பு. வெந்த தண்ணீரை வடித்து மிளகு தட்டிப் போட்டார். அது ரசம். வாழைக்காய், பூசணி, பலாக்கொட்டை மூன்றும் சேர்ந்து அவியலாயின. தேங்காய் போட்டு வதக்கிய வாழைப்பூ துவட்டல். தண்டுப் பச்சடி. சுண்டைவற்றல் போட்ட புளிக்குழம்பு. வறுக்க எண்ணெய் போதவில்லை. மாதேவன் பிள்ளை கொஞ்சம் யோசித்தார். சட்டியில் மணலைச் சூடாக்கி வடகத்தை அதில் போட்டார். பூப்பூவாகப் பொரிந்து மேலே வந்தது. அதைப் பார்க்கவே அடுக்களை வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

கடைசியில் பாயசம். நொய்யை வறுத்து இரண்டாம் பாலில் வேகவிட்டார். கருப்பட்டிப் பாகை வடிகட்டி ஊற்றினார். முந்திரிக்குப் பதிலாகத் தேங்காயைச் சில்லுச்சில்லாகக் கீறிச் சிவக்க வறுத்துப் போட்டார். இறக்கும்போது முதல் பால்.

மேலே கோவிலில் மேளம் கேட்டது. தாலி ஏறிவிட்டது.

பந்தி நடந்தது. வெளியே மழை. உள்ளே ஈர உடம்புகளும் சூடான சோறும்.

மாதேவன் பிள்ளை எப்போதும் பந்திக்குப் பின்னால், உருளிக்குப் பக்கத்தில் நிற்பவர். அன்றைக்குக் கரண்டியோடு ஒவ்வொரு இலையாகப் போனார். "பெரியவருக்கு இன்னும் கொஞ்சம் குழைய வைக்கட்டா?" "மக்கா, உறைக்கா?" "இந்த வடகத்தை ரசத்துல முக்கித் தின்னு பாரும்." ஒருத்தர் முகம்கூட அவருக்குத் தப்பவில்லை.

செண்பகம் மாப்பிள்ளையின் இலையிலிருந்து ஒரு பலாக்கொட்டையைத் திருடித் தின்றாள். மாப்பிள்ளை வெட்கப்பட்டான். அணஞ்சபெருமாள் அதைப் பார்த்துச் சிரித்தார். மலையேறியதிலிருந்து அவர் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான்.

தாணுமாலயன் காணப் பருப்பை மூன்று தடவை வாங்கினார். பாயசத்தைக் குனிந்தபடியே குடித்தார். குடித்துவிட்டு இலையை ஒரு விரலால் வழித்தார்.

மூன்றாம் நாள் மழை விட்டது. ஓடையில் தண்ணீர் வடிந்தது. கூட்டம் புறப்பட்டது.

சரக்கறையில் அநேகமாக எல்லா ஜாடியும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மாதேவன் பிள்ளை வெந்நீர் விட்டு அவற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். வாய்க்குள் ஏதோ பாட்டு. அம்மை கழுவிய ஜாடிகளைத் துடைத்துத் துடைத்து வரிசையாக வைத்தாள்.

தாணுமாலயன் எல்லாரையும் முன்னால் போகச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தார்.

"ஓய், மாதேவன் பிள்ளை."

"சொல்லும்."

"தை மாசம் எங்க வீட்டுல மகளுக்கு வளைகாப்பு. நீருதான் வந்து ஆக்கணும்."

மாதேவன் பிள்ளை அம்மையைப் பார்த்தார். அம்மை ஜாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாரேன்" என்றார்.

தாணுமாலயனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "என்னென்ன சாமான் வேணும்னு இப்பவே சொல்லிரும். டவுனுக்கு ஆள் விட்டு மொத்தமா வாங்கிப் போட்டுருதேன். ஒரு குறையும் வைக்க மாட்டேன்."

மாதேவன் பிள்ளை கையிலிருந்த ஜாடியைக் கீழே வைத்தார்.

"அது கிடக்கட்டும். உம்ம வீட்டுல இப்ப என்ன இருக்கு?"

"எங்க வீட்டுலயா?"

"ஆமா. உம்ம வீட்டு அடுக்களையில."

தாணுமாலயன் வாயைத் திறந்தார். யோசித்தார். கீழே பாதையில் தன் மனைவி ஈரப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போவதைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அவள் பின்னால் ஓடினார்.